மூன்றாம் ஓலைக்குப் பிறகு அவன் எந்த ஊர்?

போன கிழமை துஷாந்தி தொலைபேசி எடுத்தாள். பிரதேச செயலகத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் விளையாட்டு உத்தியோகத்தர் அவள்தான். விளையாட்டு விழா மலருக்கு, கிரிக்கெற் சுற்றுப்போட்டி நடத்திய அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். கேட்டுவிட்டு, தங்கள் காலத்துப் பெருமையையும் கொஞ்சம் சொன்னாள். இப்போது வீரர்களைப் பதிவது எல்லாம் போனில்தானாம். அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் ஆள் எந்த ஊர் என்று வந்துவிடுமாம். உங்கள் காலத்துச் சண்டையெல்லாம் இப்போது இல்லை சேர் என்றாள்.

"அடிக்கிறது ஆர், பிள்ளை?" என்று கேட்டேன்.

"கழகச் செயலாளர்தான், சேர்."

"அப்ப சண்டை இருக்கு. உங்களுக்குச் சொல்லாமல் வச்சிருக்கினம்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்த உத்தியோகத்தில் என் தலைமயிர் நரைத்தது வெயிலால் அல்ல, சந்தேகத்தால். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் ஆட்களின் பெயர்களையும் கழகங்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அந்த இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்லவே மாட்டேன். சொன்னால் நீங்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

நான் மன்னார்த் தீவில் பிறந்தவன். எங்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் போல வாலிபத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, பிறகு விளையாட்டுத் திணைக்களத்தில் சேர்ந்தேன். கொழும்பில் பயிற்சி தந்தார்கள். ஓட்டப்பாதைக்குக் கோடு போடுவது, சுளுக்குக்குக் கட்டுப் போடுவது, விசில் எப்போது ஊதுவது, எல்லாம் சொல்லித் தந்தார்கள். முன்னால் நிற்கிறவன் தன் பெயர் என்று சொல்லும் பெயர் அவனுடையதுதானா என்று கண்டுபிடிப்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. யுத்தம் முடிந்து ஊருக்கு மாற்றம் கேட்டு வந்த பிறகுதான், உத்தியோகத்தில் பெரும்பாகம் அதுதான் என்று விளங்கியது.

அதைப் படிப்பித்தவர் மாவட்ட அதிகாரியாக இருந்த இராசநாயகம் சேர். மெலிந்த மனிதர். குரலை உயர்த்த மாட்டார். வெயிலோ மழையோ, கறுப்புக் குடை கையில் இருக்கும். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் ஆளை நம்பமாட்டார். "பாடமாக்கினவன்தான் பிசகாமல் சொல்லுவான்" என்பார். உண்மை சொல்கிறவன் இடையில் தடுமாறுவான், ஒன்றை மறப்பான், பிறகு திருத்துவான் என்பது அவருடைய கணக்கு.

நான் முதன்முதல் அவருடைய கந்தோருக்குப் போனபோது, நியமனக் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் வளவுக்கு வளவு கிணறு இருக்கும். ஆனால் தண்ணீர் உவர். நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். அது எது என்று ஊரில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். நான் கிணற்றைச் சொன்னேன். பிறகு, போய்ப் பார்த்தேன் சேர், தூர்ந்து பற்றை மூடிக் கிடக்குது என்றேன். ஊர் திரும்பிய நாள் முதல், நான் இந்த ஊர்க்காரன் என்று நிரூபிக்க எத்தனையோ கந்தோர்ப் படி ஏறியிருந்தேன். எல்லோரும் கடதாசிதான் கேட்டார்கள். கிணற்றைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எழுந்து தன் கதிரையை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, இருங்கோ என்றார்.

இனிச் சுற்றுப்போட்டி. மன்னாரில் உதைபந்துதான் ராசா. மென்பந்துக் கிரிக்கெற் அந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை. இடம் கிடைக்கும்போதுதான் அதற்குச் சாப்பாடு. தவக்காலத்தில் விளையாட்டு வைக்கமுடியாது. மடு மாதா திருவிழா நாட்களில் ஊரில் ஆளே இராது. வெள்ளி மதியம் ஜும்ஆ. ஞாயிறு காலை பூசை. நோன்பு மாதத்தில் எங்கள் பெடியன்களைப் பகல் முழுக்க ஓடவிடுவது பாவம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று மூர்க்கமாகிவிட்டால் விக்கெற்றின் மேலே பெயில்ஸ் நிற்காது, பந்து போட்ட இடத்துக்குப் போகாது. இவ்வளவும் கழித்தால் மிஞ்சுவது, உயிர்த்த ஞாயிறு முடிந்து காற்று எழும்பும் வரையான சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களில்தான் ஊர்களில் கலியாணங்களும் நடக்கும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கழகம் எதனுடன் மோதுவது என்று சீட்டு எடுக்கும் நாள் ஒரு சடங்கு போல நடக்கும். கழகப் பெயர்களை இராசநாயகம் சேர் தன் கையால் எழுதுவார். அதிகமாக முறைப்பாடு செய்யக்கூடிய கழகத்தின் ஆளைக் கூப்பிட்டு மடிக்கச் சொல்வார். போன வருடம் தோற்றுச் சத்தம் போட்டவனைக் கொண்டு எடுப்பிப்பார். சீட்டுகளைப் போடும் தகரப் பேணி அவருடையது. அதையும் கவிழ்த்துத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் வைப்பார். இவ்வளவும் செய்த பிறகும், முடிந்து போகும்போது யாராவது ஒருவன் பேணியைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போவான். அவன் எனக்குப் பிடித்தமானவன்.

பெரிய தலையிடி, வெளியூர் ஆட்டக்காரரை உள்ளூரான் என்று இறக்குவது. இலுப்பைக்கடவைப் பக்கம் நடந்த ஒரு போட்டியில், ஒருவன் தொட்டதெல்லாம் ஆறு ஓட்டமாகப் போனது. பதிவில் இருந்த பெயருக்குச் சொந்தக்காரன் கடலுக்குப் போகிற பெடியன், கிரிக்கெற் துடுப்புப் பிடிக்கவே தெரியாதவன் என்று எதிர்க்கழகம் கத்தியது. தண்ணீர் இடைவேளையில் இராசநாயகம் சேர் மைதானத்துக்குள் குடையோடு நடந்து போனார். நான்தான் போத்தல் கொண்டு போனேன். அவனிடம் ஆறுதலாக, தம்பி இது உங்கட ஊர்த் தண்ணியோ, எந்தக் கிணறு என்று கேட்டார். எங்கட ஊரிலை எல்லாக் கிணறும் நல்ல தண்ணிதான் என்றான் அவன். சேர் தலையாட்டிவிட்டு வந்து, ஆளை வெளியே எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து நானும் கிணற்றுக் கேள்வியைப் பழகிக்கொண்டேன்.

ஆனால் ஒரு சட்டச் சிக்கலுக்குக் கிணறு போதவில்லை. எங்கள் கரையோரத்தில் கலியாணம் முடித்த ஆண் அநேகமாகப் பெண் வீட்டோடு போய் இருப்பான். கத்தோலிக்கர்களிலும் அப்படி, எங்களிலும் அப்படி. நன்றாக விளையாடுகிற ஒருவனுக்கு அடுத்த ஊரில் பெண் எடுத்தால் பழைய கழகம் அழும், புதுக் கழகம் பட்டாசு கொளுத்தும். கலியாணம் முடிந்தவன் பெண் வீட்டு ஊருக்கு என்பதில் தகராறு இல்லை. நிச்சயமானவன் எந்த ஊர்? அதில் அடிபாடு வரைக்கும் போனது. கடைசியில் கழகங்கள் எல்லாம் கூடி ஒரு விதியை ஒப்புக்கொண்டன. கத்தோலிக்கர் என்றால் ஓலை. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, கோவிலில் பூசையின்போது இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று பாதர் வாசிப்பார். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்றும் சொல்லுவார். மூன்றாம் ஓலை வாசித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டு ஊர்க்காரன். எங்களில் என்றால் நிக்காஹ். எனக்கு அந்த விதியைக் கேட்ட நேரமே பயம் பிடித்தது. ஓலை வாசிப்பது லேசு. கலியாணம் நடக்குமா என்று யார் பார்ப்பது?

நான் பயந்தது அடுத்த வருடமே வந்தது.

நீலக்கரை என்ற கழகத்தில் அன்ரன் என்று ஒரு வேகப் பந்துவீச்சாளன் இருந்தான். ரெனிஸ் பந்துதான். ஆனால் அவன் போட்டால் துடுப்பாட்டக்காரனின் கால்விரலுக்குக் கீழே வந்து விழும். அவன் அண்ணன் மரியதாஸ்தான் கழகத் தலைவர். இருவருமாகச் சேர்ந்து நீலக்கரைக்குத் தொடர்ந்து வெற்றிக் கிண்ணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்புவெளியைத் தாண்டினால் அடுத்த ஊர். அந்த ஊர்க் கழகம் வெண்மணல். அவர்களுக்குக் கிண்ணம் தொட்டுப் பார்க்கவும் கிடைத்ததில்லை. அதன் தலைவன் றொபேட். அவன் தூக்கத்திலும் கிண்ணம் என்றுதான் புலம்புவான் என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை றொபேட் என் கந்தோருக்கு வந்தான். முகமெல்லாம் பல். தன் தங்கச்சி ஜெனிற்றாவுக்கும் அன்ரனுக்கும் கலியாணமாம். நேற்று முதல் ஓலை வாசித்தாச்சாம். மூன்றாம் ஓலை முடிந்ததும் அன்ரனை வெண்மணலில் பதியவேண்டுமாம். சீட்டு விழுந்தபடி ஆட்டங்களை எழுதிவைத்த பலகையை நான் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் ஓலை வாசிக்கும் ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை அரையிறுதி. நீலக்கரைக்கும் வெண்மணலுக்கும்.

அவன் போய்ப் பின்னேரமாகவில்லை, மரியதாஸ் வந்து நின்றார். அமைதியான மனிதர், சொந்த வள்ளத்தில் மீன்பிடிக்கிறவர். அன்றைக்குக் கதிரையில் இருக்கவும் மறுத்துவிட்டார்.

"சேர், இது கலியாணமில்லை, களவு. கிண்ணத்தைத் தூக்கினதும் ஓலையைக் கிழிச்சுப்போட்டு அனுப்பி விடுவாங்கள். அந்தப் பிள்ளையையும் கெடுத்து, என்ரை தம்பியையும் கெடுக்கப் போறாங்கள்."

தம்பியிடம் கேட்டீர்களா என்றேன். தம்பி தன்னோடு கதைப்பதில்லை என்றார். தனக்குத் தெரியாமல் எல்லாம் பேசி முடித்துவிட்டார்களாம். அவருக்குத் தம்பி போன கோபமா, பந்துவீச்சாளன் போன கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டதா தெரியாது.

நான் வெண்மணல் ஊருக்கு விசாரணைக்குப் போனேன். றொபேட்டின் தகப்பன் வாற மாதம் கலியாணம், எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றார். தாயும் அதே சொல்லில் அதையே சொன்னார். பக்கத்து வீட்டு மாமியும் அதையே சொன்னார். எனக்கு இராசநாயகம் சேரின் குரல் காதில் கேட்டது. பாடமாக்கியிருக்கிறார்கள். வளவில் பந்தல் போட ஒரு தடி வந்து கிடக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. ஆனால் முற்றத்தில் ஒரு பக்கம், பந்துவீச்சுப் பழகுவதற்கு வலை மட்டும் புதிதாகக் கட்டியிருந்தது. ஜெனிற்றா முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். தேத்தண்ணியை வைத்துவிட்டு, அண்ணனின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்தது அன்ரன். அவனைக் கந்தோருக்குக் கூப்பிட்டேன். வெண்மணல் ஊரில் நல்ல தண்ணீர் எந்தக் கிணறு என்று கேட்டேன். கோவிலுக்குப் பின்னால் உள்ள கிணறு என்றான் உடனே. எனக்குத் திருப்தி வரவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். வேறு என்ன தெரியும் என்றேன். கொஞ்சம் யோசித்தான். "கயிறு கட்டை, சேர், நீளம் காணாது. கோடையிலை வாளி எட்டாது. எட்டி நிண்டு தலையைக் குனிஞ்சுதான் அள்ளவேணும்" என்றான். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்பது போலக் கீழே பார்த்தான்.

இதுவும் றொபேட் படிப்பித்ததுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, இராசநாயகம் சேரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆறுதலாகக் கேட்டார். குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, கயிறு கட்டை என்று யார் சொன்னது என்று மறுபடி கேட்டார். பிறகு சொன்னார்:

"நசீர், கயிறு கட்டை எண்டு றொபேட்டுக்குத் தெரியாது. அந்த ஊரிலை ஆம்பிளையள் தண்ணி அள்ளுறேல்லை. அள்ளுற ஒராளை இவன் கனநாளாய்ப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறான்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தேகம் தீராமலும் இருந்தது. பார்த்துக்கொண்டு நின்றவன் எல்லாம் கட்டுகிறானா? சேர் விதியைத் திருப்பிச் சொன்னார். மூன்றாம் ஓலை வாசித்தால் அவன் வெண்மணல். வாசிக்காவிட்டால் நீலக்கரை. அதற்கு மேல் போய்க் கலியாண வீட்டுக்குள் மூக்கை நீட்டுவது திணைக்களத்தின் வேலை இல்லை.

மூன்றாம் ஓலை வாசிக்கும் ஞாயிறு, நான் வெண்மணல் கோவில் வளவில் மரத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றேன். ஒலிபெருக்கியில் பூசை கேட்டது. திருமண அறிவித்தல் வந்தது. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று பாதர் வழக்கம்போல வாசித்தார். வழக்கமாக அந்த இடத்தில் ஒருவரும் இருமவும் மாட்டார்களாம். உள்ளே இருக்கை வாங்கில்கள் நகரும் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மரியதாஸ் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால், உப்புவெளி தாண்டி வந்திருந்த நீலக்கரைக் கழகத்தின் மற்றப் பத்துப் பேரும், அன்ரனின் இடத்துக்குப் புதிதாக எடுத்தவனோடு சேர்த்து, வெள்ளைச் சேட்டோடு எழுந்து நின்றார்கள்.

பாதர் கண்ணாடியைக் கழற்றினார். என்ன தடை என்று கேட்டார்.

"அவன் எங்கட கழகத்திலை பதிஞ்சவன், பாதர்" என்றார் மரியதாஸ்.

ஒலிவாங்கி பாதருக்கு முன்னால் இருந்தபடியால் அவருடைய பெருமூச்சு ஊர் முழுக்கக் கேட்டது. அது திருமணத் தடை இல்லை மகன், இருங்கோ என்றார். கோவில் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், பொய் சொல்லக்கூடாது. பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி மட்டும் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவளைக் கண்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு மதியத்துக்குள், கிரிக்கெற்றுக்குக் கொடுத்த பொம்பிளை என்ற பேச்சு உப்புவெளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவிவிட்டது.

அடுத்த நாள் முன்பள்ளி விட்ட நேரம் ஜெனிற்றா கந்தோருக்கு வந்தாள். குடையை மடித்து வாசலில் சாய்த்துவிட்டு, கதிரையின் நுனியில் இருந்தாள். நான் என் பக்கத்து மேசைக்காரரைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பினேன்.

"சேர், அவரை விளையாட விடாதேங்கோ" என்றாள்.

எனக்கு முதலில் வந்த சந்தேகம், இவளை மரியதாஸ் அனுப்பியிருக்கிறார் என்பதுதான். அனுப்பியது யார் என்று மூன்று விதமாகக் கேட்டேன். முதல் தரம் ஒருவருமில்லை என்றாள். இரண்டாம் தரம் அழுதாள். மூன்றாம் தரம் கோபம் வந்துவிட்டது. அப்போதுதான் நம்பினேன்.

"அண்ணா ஒருநாளும் என்ரை கலியாணத்தைப் பற்றிக் கதைச்சதில்லை. போட்டிக்குப் பேர் குடுக்கிற காலம் வந்ததும்தான் கதைச்சவர். எனக்கு அவரைப் பிடிக்கும், சேர். ஆனால் அவர் என்னட்டை வாறாரோ, அண்ணாட்டை வாறாரோ எண்டு தெரியேல்லை. விளையாடாட்டியும் வாறாரோ எண்டு எனக்குப் பாக்கவேணும்."

மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டது. விதிப்படி அவன் வெண்மணல். அவனை நிறுத்த என்னிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. பொய்யாக ஒரு வழியை உண்டாக்கினால் நாளைக்கு எந்தக் கழகத்துக்கு நான் முகம் கொடுப்பது? ஏலாது பிள்ளை என்றேன். தலையாட்டினாள். தான் வந்ததை அவருக்குச் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டாள். தான் சந்தேகப்பட்டது தெரிந்தால் அவர் தாங்கமாட்டார் என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இராசநாயகம் சேருக்கும் சொல்லவில்லை. உத்தியோகத்தில் நான் அவரிடம் மறைத்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை வந்தது. காற்று அப்போதே எழும்பத் தொடங்கியிருந்தது. மைதானத்துக்குள் வந்த கழுதைகளைத் துரத்தி, எல்லைக்குக் கொடி குத்தி, பெயில்ஸ் விழாமல் இருக்க மெழுகு வைத்து ஒட்டினோம். அதையும் இரண்டு தலைவர்களும் குனிந்து நோட்டம் பார்த்தார்கள். இரண்டு ஊரும் திரண்டு வந்திருந்தது. இராசநாயகம் சேர் வழக்கம்போல விக்கெற்றுக்குப் பக்கவாட்டில் குடையை விரித்துக்கொண்டு இருந்தார்.

அன்ரன் வெண்மணலின் நீலச் சட்டையோடு வந்தான். பழகுவதற்கு ஒரு பந்து போட்டான். நடு விக்கெற் பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது. வெண்மணல்காரர் விசிலடித்தார்கள். மரியதாஸ் அந்த விக்கெற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாணயச்சுழற்சியில் வென்ற றொபேட் முதலில் துடுப்பெடுத்தாடி, ஒரு நல்ல கணக்கையும் எடுத்துவிட்டான். இனி அன்ரன் பந்து போட வேண்டியதுதான் பாக்கி. வெண்மணல் ஆட்டக்காரர் மைதானத்துக்கு இறங்கினார்கள். அன்ரன் எல்லைக்கோட்டைத் தாண்டினான், நின்றான், இடது காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். கெண்டைக்கால் இழுத்துப் போட்டுதாம்.

மாற்று ஆள் இறக்குவதென்றால் நான் பார்த்துச் சொல்லவேண்டும். போய்க் குந்தியிருந்து கெண்டைக்காலை அழுத்தினேன். பயிற்சியில் படித்த ஒரே உருப்படியான விடயம் அது. நோ உள்ளவன் அழுத்தும்போது முகத்தைச் சுளிப்பான். இவன் நான் அழுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் சுளித்தான்.

பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாருக்காக என்பதுதான் தெரியவில்லை. அண்ணன் ஏதும் சொல்லி மயக்கினாரா? றொபேட்டோடு ஏதும் மனஸ்தாபமா? அல்லது ஜெனிற்றா என்னிடம் வந்ததை யாரும் கண்டு இவனுக்குச் சொல்லிவிட்டார்களா? நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் பார்வையைத் திருப்பவில்லை. பந்து போட ஏலாதோ என்று கேட்டேன். ஏலாது சேர் என்றான். பொய்க் காலைப் பிடித்து இழுத்து விளையாட வைக்க விதியில் இடமில்லை. மாற்று ஆளுக்குக் கை காட்டினேன்.

வெண்மணல் தோற்றது. கடைசி ஓட்டத்தை அடித்தவர் மரியதாஸ். அவர் துடுப்பை உயர்த்தவில்லை, ஒருவரையும் கட்டிப்பிடிக்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே காலை நீட்டி இருந்த தம்பியைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் காலில் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அண்ணனல்லவா.

றொபேட் விக்கெற் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேரே அன்ரனிடம் வந்தான். ஊர் முழுக்கப் பின்னால் வந்தது.

"விளையாடாதவனுக்கு என்ரை தங்கச்சி எதுக்கு? கலியாணமுமில்லை, ஒண்டுமில்லை. போ உன்ரை ஊருக்கு."

நாங்கள் எல்லோரும் ஓலையைச் சந்தேகித்தது சரிதான். ஆனால் களவு யார் மனதில் இருந்ததென்று அவனே வாயால் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். முகம் கறுத்துப் போனது.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஜெனிற்றா வந்தாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அன்ரனின் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எழும்புங்கோ. வீட்டை போவம். அப்பா தேத்தண்ணி வைக்கச் சொன்னவர்" என்றாள்.

அப்பா அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் கூட்டத்துக்குள் வாயைத் திறந்துகொண்டுதான் நின்றார். மகள் சொன்னதும், ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தார். அன்ரன் எழுந்து பின்னால் போனான். இடது கால் நொந்தவன் வலது காலை நொண்டிக்கொண்டு போனான். இராசநாயகம் சேர் குடையைச் சுருக்கினார். அவருடைய முகத்தில் சிரிப்பை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

கலியாணம் சொன்னபடி அடுத்த மாதம் நடந்தது. எனக்கும் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் மரியதாஸ். ஓலையில் எழுந்து நின்றவர் என்று அவரைக் கண்டு பாதரே சிரித்தாராம். றொபேட் கோவிலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தாய் போய் ஏதோ சொன்ன பிறகு உள்ளே வந்தான். எனக்கென்று எங்கள் ஊர்க் கடையில் கோழி வாங்கி, எங்கள் ஆளைக் கொண்டே சமைப்பித்திருந்தார்கள். நான் அதையும் யார் அறுத்தது என்று விசாரித்துவிட்டுத்தான் தொட்டேன். பழக்கம் விடுமா?

சாப்பாட்டு நேரம் புது மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து இருந்தான். கால் எப்படி என்று கேட்டேன்.

"எந்தக் கால், சேர்?" என்றான்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் தானாகவே சொன்னான்.

"பந்து போட்டால் அண்ணா கலியாணத்துக்கு வரமாட்டார். போடாட்டி மச்சான் வரமாட்டார். ஆர் வராட்டியும் ஜெனிற்றா வருவா எண்டு தெரியும். அவவுக்கு என்னிலை ஒருநாளும் சந்தேகம் வரேல்லை, சேர்."

ஜெனிற்றா அப்போது எனக்குக் கறி போட்டுக்கொண்டு நின்றாள். அகப்பை நடுவழியில் நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். என் தொழிலில் எத்தனையோ பேர் என்னைப் பயந்து பார்த்திருக்கிறார்கள், எல்லோரும் எதையோ மறைத்தவர்கள். அப்படிப் பார்த்தவர்களில் நான் காட்டிக்கொடுக்க விரும்பாத ஆள் அவள் ஒருத்திதான்.

"ஓம் தம்பி, எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சது" என்றேன். கறியைக் காட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.

அவர்களுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். மூத்தவன் வெண்மணல் சிறுவர் அணிக்குப் பந்து போடுகிறானாம். துஷாந்தி, நீர் பெயரையும் ஊரையும் கேட்டு எனக்குத் தொலைபேசி எடுக்கவேண்டாம். எடுத்தாலும் சொல்லமாட்டேன். ஜெனிற்றா சந்தேகப்பட்ட இடங்களை எல்லாம் வெட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கவேண்டும். அன்ரன் மலர் வாசிக்கிறவன்.